கிளட்ச் இல்லாத பிக்கப்

எங்கள் ஊர் மெக்கானிக்குகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. "முருகேசண்ணே, நாப்பது வருசம் வேலை பாத்திருக்கீக. ஆட்டோமேட்டிக் வண்டியப் பத்தி ஏதாச்சும் எழுதுங்களேன்" என்று செயலாளர் வந்து கேட்டார். இன்று காரைக்குடித் தெருக்களில் கிளட்ச் இல்லாத கார்கள் சாதாரணமாகப் போகின்றன. கோளாறு வந்தால் கம்ப்யூட்டரைச் சொருகுகிறார்கள், அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. எனக்கு அந்த எண்கள் எதுவும் தெரியாது. என் காலத்தில் நான் பார்த்த ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றே ஒன்று. அதில் நான் செய்த தப்புகளை எழுதினால் பாதி மலர் நிரம்பிவிடும் என்றேன். "அதையே எழுதுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது பெயிலானதும் பட்டறையில் சேர்ந்தேன். ஐந்து வருடம் டீசலில் நட்டு போல்ட் கழுவினேன், இன்னொரு ஐந்து வருடம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். என் படிப்பு அவ்வளவுதான். சொல்ல வேண்டியது எங்கள் போர்மேன் கருப்பையா அண்ணனைப் பற்றி.

பட்டறையே ஆயிலில் ஊறிக் கிடக்கும். அவர் மட்டும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு பொட்டுக் கறை இருக்காது. கையில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளர் டீ. குரலை உயர்த்தவே மாட்டார். நல்ல வேலையைப் பார்த்தால் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவார். தப்பைப் பார்த்தால் "நல்லது" என்பார். அந்த "நல்லது" காதில் விழுந்தால், வேலையை முதலிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். வண்டி உள்ளே வந்ததும் முதல் பத்து நிமிடம் எந்த மெக்கானிக்கும் அதைத் தொடக்கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓட்டி வந்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும். எப்போது ஆரம்பித்தது, ஏற்றத்திலா சமதரையிலா, கிளம்பும்போதா ஓடிக்கொண்டிருக்கும்போதா. "ஸ்பேனர் கையில இருந்தா உனக்குக் காது கேக்காதுடா" என்பார் என்னிடம். எனக்குக் கோபமும் அவசரமும் கூடவே பிறந்தவை. பத்து நிமிடம் கை கட்டி நிற்பது, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்பது போல இருக்கும்.

ஒரு முறை கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கார். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வரப்போகிறார்கள், கார் ஸ்டார்ட் ஆகி நாலு இருமல் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. போன வேகத்தில் கார்புரேட்டரைக் கழற்றி முற்றத்தில் பரப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கருப்பையா அண்ணன் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாட்ச்மேனிடம், "கடைசியா வண்டிய நிப்பாட்டுனப்ப என்ன செஞ்சீக?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. கழுவித் தொடச்சேன். எலி பூந்துருமேன்னு பின்னாடி குழாய்ல பழைய துண்ட அடைச்சு வச்சேன்."

சைலன்சருக்குள் இருந்து துண்டை உருவி எடுத்தார் அண்ணன். நான் பரப்பி வைத்திருந்த கார்புரேட்டரைப் பார்த்து, "நல்லது" என்றார். அதோடு எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் என்னோடு வேலை பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பட்டறை வாசலில் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் வந்து நின்றது. பின்னால் வெள்ளைப் புகை, சரக்குத் தொட்டியில் தேங்காய் மட்டை. ஓட்டி வந்தது முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். இரண்டு முறை ஹாரன் அடித்தார். இறங்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் இரண்டு முறை.

எனக்குச் சுர்ரென்றது. "இறங்கி வந்து சொன்னா என்னவாம்?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"நீங்க இங்குட்டு வாங்கண்ணே. நான் அங்குட்டு வர்றதுக்குள்ள பொழுது போயிரும்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

திமிர் பிடித்த பொம்பளை என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன். பெயர் ஸ்டெல்லா மேரி, காளையார்கோவில் பக்கம் தென்னந்தோப்பு என்று பிறகு தெரிந்தது. கதவைத் திறந்து பார்த்தால் கீழே இரண்டே மிதிகள்.

"கிளட்ச் எங்க?"

"அது பொறக்கும்போதே இல்ல."

கருப்பையா அண்ணன் டீயோடு வந்து சேர்ந்தார். அவர் கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே, ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று நான் முந்திக்கொண்டேன். மூன்று பேர் உட்காரும் நீளமான சீட். அந்தப் பெண் நடுவுக்கு நகர்ந்தார். நகரும்போது இடது முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி வைத்தார். கண்ணால் பார்த்தேன், மனதில் வாங்கவில்லை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன், அண்ணன் மறுபக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"அண்ணே, இடது கால மடக்கி உள்ள வச்சுக்கங்க" என்றார் ஸ்டெல்லா.

இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவனுக்குப் பாடமா? வண்டியை எடுத்தேன். பிக்கப் ரோட்டில் ஏறியது. என்ஜின் இரைச்சல் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. முதல் கியரிலேயே தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று முதுகில் உதைத்தது போல அடுத்த கியருக்குப் போனது. அந்த உதையில் என் இடது கால், பழக்க தோஷம், கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி சடாரென்று நின்றது. ஸ்டெல்லா முன்பே டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றித் தயாராக இருந்தார். கருப்பையா அண்ணன் தயாராக இல்லை. ஒரு டம்ளர் டீயும் வெள்ளைச் சட்டையில்.

"நல்லது" என்றார் அண்ணன்.

பட்டறைக்குத் திரும்பி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்தேன். கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கத் தனியாக ஒரு நீளக் கம்பி இருந்தது. ஆயில் சிவப்பாக, சர்பத் மாதிரி இருந்தது. "அண்ணே, என்ஜின..." என்று ஸ்டெல்லா ஆரம்பித்தார். "ஆயில் பாக்க எனக்குச் சொல்லித் தராதீக" என்று வெட்டினேன். கம்பியில் ஆயில் மேல்கோடு வரைக்கும் நின்றது. ஆயில் சரியாக இருக்கிறது, அப்படியானால் கியர்பாக்ஸ் உள்ளே காலி. எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

"இந்தம்மா, கேட்டுக்கங்க" என்றேன் பெருமையாக. "இந்த ஆட்டோமேட்டிக் கருமத்தத் தூக்கி எறிஞ்சுட்டு, நல்ல ஜீப் கியர்பாக்ஸாப் பாத்து மாட்டித் தந்துர்றேன். அங்கன ஒரு கிளட்ச் மிதி வச்சுர்றேன். மிதிச்சு மிதிச்சு ராணி மாதிரி ஓட்டிக்கிட்டுப் போங்க." அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இதுதான் வைத்தியம். புரியாத வெளிநாட்டு வண்டி எது வந்தாலும் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு நமக்குத் தெரிந்ததை மாட்டிவிடுவோம்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. மறுபடி ஓட்டுகிற இடத்துக்கு நகர்ந்து வந்து, கதவுப் பக்கம் திரும்பி, சேலைக் கரையை இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கினார். இடது காலில் இரும்புக் கம்பிகளும் தோல் வாரும் கட்டிய பூட்ஸ்.

"எந்தக் காலால மிதிக்கண்ணே?" என்று கேட்டார்.

இறங்கி வரக்கூடாதா என்று இதே வாயால்தான் கேட்டிருந்தேன். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.

"முருகேசா, இப்பக் கையக் கட்டு" என்றார் கருப்பையா அண்ணன். கட்டினேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக, காதையும் திறந்து வைத்தேன்.

ஸ்டெல்லா சொன்னார். சின்ன வயதில் போலியோ. அப்பா பினாங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை பார்த்தவர். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது மகளுக்காகவே தேடி இந்தப் பழைய பிக்கப்பை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். வற்றிய கண்மாய்க்குள் விட்டு அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அப்பா போய் மூன்று வருடம். தோப்பை ஸ்டெல்லா பார்க்கிறார், மட்டையைச் சிங்கம்புணரி கயிற்று மில்லுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகிறார்.

"எங்கண்ணன் மெட்ராஸ்ல இருக்காக. 'வண்டி ஓடுற வரைக்கும் ஊர்ல இரு, நின்னுருச்சுன்னா தோப்ப குத்தகைக்கு விட்டுட்டு எங்க கூட வந்துரு'ன்னு போன வருசமே பேச்சு. வர்ற ஞாயித்துக்கெழம ரயில்ல வாறாக."

"ஒரு டிரைவரப் போட்டுக்கலாமே தாயி?" என்றார் அண்ணன்.

"வச்சுக்கலாம். அவன் வாற நேரத்துக்குத்தான் நான் கிளம்பணும். அவனுக்குக் காய்ச்சல்னா எனக்கும் காய்ச்சல்." கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் தடவினார். "மெட்ராஸ்ல மூணாவது மாடிண்ணே. அங்க போனா நான் ஜன்னலுக்குத்தான் போவேன்."

பிறகு அண்ணன் கேள்விகளை ஆரம்பித்தார். அந்தப் பெண்ணைப் போல வண்டியைக் கவனித்துச் சொன்னவரை நான் அதற்குப் பின்னும் கண்டதில்லை. இரண்டு மாதமாகக் கியர் லேட்டாக விழுகிறது, விழும்போது உதைக்கிறது. சிவப்பு ஆயில் குறைந்துகொண்டே இருக்கிறது, ஊற்றி ஊற்றி அப்பா கொண்டுவந்த டப்பாக்களில் வண்டியில் ஒன்றும் வீட்டில் ஒன்றும்தான் மிச்சம். வீட்டில் வண்டி நிற்கிற தரையில் ஒரு சொட்டு இல்லை. புகை எப்போதும் வருவதில்லை. "ரயில்வே கேட்டுல என்ஜின் ஓடுனபடிக்கே காத்துக் கெடப்போம்ல, கேட்டத் திறந்து கிளம்பயில குப்புன்னு வெள்ளையா வரும். ஏத்தத்துல வராது."

"ஆயில் சரியா இருக்கேம்மா, பாத்தேனே" என்றேன் மெதுவாக.

"அதத்தான் சொல்ல வந்தேன், நீங்க விடல. இந்த ஆயில என்ஜின் ஓடயிலதான் பாக்கணும்னு அப்பா சொல்லுவாக. அணைச்சா மேல இருக்கறது பூராம் கீழ இறங்கிருமாம்."

என்ஜினை ஓட விட்டுக் கம்பியை உருவினேன். நுனியில்கூட ஈரமில்லை. என்ஜின் ஆயிலைப் பார்க்கிற மாதிரியே எல்லா ஆயிலையும் பார்த்துப் பழகியவன் செய்த முட்டாள்தனம் அது. அதை நம்பி ஒரு நல்ல கியர்பாக்ஸைத் தூக்கி எறியப் பார்த்தேன்.

வண்டியை விட்டுவிட்டு ஸ்டெல்லா பஸ்ஸில் ஊருக்குப் போனார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன். படியில் ஏறும்போது கையை நீட்டினேன். "பிடிக்காதீகண்ணே. விழுந்தா மட்டும் தூக்குங்க" என்றார். இரண்டு கம்பியையும் பிடித்து, உடம்பை மேலே இழுத்து, ஏறிவிட்டார். அதற்குள் கண்டக்டர் மூன்று முறை விசில் அடித்துவிட்டான். அவனை இழுத்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. காலையில் நானே அதைவிட மோசமாகப் பேசியவன் என்பதால் சும்மா இருந்தேன்.

வண்டியில் இருந்த டப்பா ஆயிலைக் கியர்பாக்ஸில் நிரப்பினோம். கருப்பையா அண்ணன் வீட்டிலிருந்து சலவை வேட்டி ஒன்றை வரவழைத்து, வண்டிக்கு அடியில் விரித்தார். ஒரு மணி நேரம் என்ஜின் ஓடியது. மறுநாள் காலை வேட்டியை உதறிப் பார்த்தோம். ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை, கம்பியில் மட்டும் ஆயில் இறங்கியிருந்தது. சொட்டாமல் எங்கே போகும்?

"புகை வருதுல்ல, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. ஆயில் கதைய அப்புறம் பாப்போம். நாளைக்கு என்ஜினப் பிரி" என்றார் அண்ணன். ரிங் என்றால் அவருக்கு ஒரு பிரியம். எந்த வண்டி புகைந்தாலும் ரிங்தான். பிரித்தால் பத்து நாள் ஆகும், அந்த ஜப்பான் ரிங்குக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் அண்ணன் வந்து பார்க்கும்போது என்ஜின் எங்கள் பெஞ்சில் துண்டு துண்டாகக் கிடக்கும்.

வியாழன் காலை மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டேன். ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். மூடினேன். யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டி முன்னால் நின்றேன். ஸ்டெல்லா சொன்னது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ரிங் தேய்ந்த வண்டி ஏற்றத்தில் புகையும். இது சும்மா நின்றுவிட்டுக் கிளம்பும்போது புகைகிறது. ரிங் தேய்ந்தால் என்ஜின் ஆயில் குறையும். இதில் என்ஜின் ஆயில் அப்படியே இருக்கிறது, குறைவது கியர்பாக்ஸ் ஆயில். அப்படியானால் எரிவது எந்த ஆயில்?

வண்டிக்கு அடியில் இருந்த பட்டறைக் குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் சுண்ணாம்பு டப்பி அளவில் ஒரு தகர டப்பி. அதிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் டியூப் மேலே ஏறி என்ஜினுக்குப் போனது. கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ரப்பர் டியூப்புக்கு என்ன வேலை? டப்பியிலிருந்து அதை உருவினேன். டியூப்பிலிருந்து சிவப்பு ஆயில் நேராக என் நெற்றியில் கொட்டியது.

"அண்ணேய்!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர்கூட ஓடிவந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அந்த டப்பிக்குள் ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. ஒரு பக்கம் கியர்பாக்ஸ் ஆயில், மறு பக்கம் என்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு. அந்த இழுப்பு கூடுவதையும் குறைவதையும் வைத்துத்தான் எப்போது கியர் மாற்றுவது என்று கியர்பாக்ஸுக்குத் தெரியும். தகடு கிழிந்துவிட்டது. அதனால் கியர் தாறுமாறாக விழுந்தது. வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஓடும்போது இழுப்பு அதிகம், ஆயிலையே உறிஞ்சிக் குடித்துவிடும். கேட் திறந்ததும் அது புகையாக வெளியே வரும்.

கருப்பையா அண்ணன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து டியூப்பைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு டம்ளர் டீ இருந்தது.

அந்த டப்பி எங்கே கிடைக்கும்? மெட்ராஸில் நாலு கடைக்குப் போன் போட்டோம். அப்படி ஒரு சாமான் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நாமே செய்வது என்று முடிவானது. நம் ஊர்க் காரின் பெட்ரோல் பம்பில் இருக்கும் ரப்பர்த் தகடு ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் அசராது. அதை அளவாக வெட்டினேன். டப்பியைப் பிரித்துத் தகட்டை வைத்து, காற்றுப் புகாமல் மறுபடி மூட வேண்டும். அதற்குத் தூக்குச்சட்டி விளிம்பு மடிக்கிற பாத்திரப் பட்டறை ஆசாரியிடம் போனோம். முதல் தடவை மடித்ததில் ரப்பர் நசுங்கிக் கிழிந்தது. "பலகாரம் வைக்கிற பாத்திரம்னு நெனச்சுட்டேன்" என்று அவர் தலையைச் சொறிந்தார். இரண்டாவது தகட்டை வெட்டி, மரச் சுத்தியால் பூப்போலத் தட்டி மடித்தார். டியூப் மாட்டுகிற டப்பி மூக்கை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. காற்று போகவில்லை. வாய் பேச முடியாமல் நான் கட்டை விரலைக் காட்ட, ஆசாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

சனிக்கிழமை ஸ்டெல்லா வந்தார். வீட்டில் மிச்சமிருந்த கடைசி டப்பா ஆயிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஊற்றி, இந்த முறை என்ஜினை ஓட விட்டு அளவு பார்த்தேன்.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்றார் அவர்.

"நீங்க ஓட்டுங்க" என்றேன். நான் நடுவில் உட்கார்ந்தேன், கருப்பையா அண்ணன் ஜன்னலோரம். துவைத்துப் போட்ட அதே வெள்ளைச் சட்டை, கையில் விளிம்பு வரை டீ. எங்களுக்கு வேறு மீட்டர் தேவைப்படவில்லை. முதல் கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, டீ ஆடியது, சிந்தவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜின் ஓடியபடியே காத்திருந்தோம். ரயில் போனது. கேட் திறந்தது. ஸ்டெல்லா கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார். புகை இல்லை. அதன் பிறகுதான் அண்ணன் டீயைக் குடித்தார். ஸ்டெல்லாவின் கண்ணில் நீர் வந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. ஆனாலும் நான் போய் வாசலில் நின்றேன். ரயில் வந்து கால் மணி நேரத்தில் பிக்கப் வந்தது. இரண்டு ஹாரன். ஓடினேன். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் பேன்ட் சட்டையில் ஒருவர், மடியில் ஸ்வீட் பெட்டி. மெட்ராஸ் அண்ணன். தங்கையே ஸ்டேஷனுக்கு வந்து அழைத்து வந்ததில் கொஞ்சம் மலைத்துப் போயிருந்தார்.

"நீங்கதான் மெக்கானிக்கா? உண்மையச் சொல்லுங்க. இந்த வண்டி இன்னும் எத்தன நாளைக்கு ஓடும்?"

சொல்ல வாய் திறந்தேன். பிறகு கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஓட்டுறவுகளக் கேளுங்க சார்" என்றேன்.

அவர் தங்கை பக்கம் திரும்பினார். "நான் ஓட்டுற வரைக்கும் ஓடும்" என்றார் ஸ்டெல்லா. மெட்ராஸ் அண்ணன் ஸ்வீட் பெட்டியைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தார். தோப்பும் குத்தகைக்குப் போகவில்லை, ஸ்டெல்லாவும் மூன்றாவது மாடிக்குப் போகவில்லை. அந்தப் பிக்கப் அதற்குப் பிறகு பல வருடம் எங்கள் பட்டறை வாசலில் ஹாரன் அடித்தது. ஒவ்வொரு முறையும் நான்தான் ஓடினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வருடம் குழிக்குள்ளும் லாரிக்கு அடியிலும் மடக்கி மடக்கி, போன வருடம் என் இடது முழங்காலுக்கு ஆபரேஷன். கார் வாங்கலாம் என்று மகளோடு ஷோரூமுக்குப் போனேன். "ஐயா மெக்கானிக்கா இருந்தவங்க, கியர் வண்டிதான் பிடிக்கும். இதப் பாருங்க, கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் விற்பனைக்காரத் தம்பி.

வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கித் தையல் தழும்பைக் காட்டினேன். "எந்தக் காலால மிதிக்கத் தம்பி?" என்று கேட்டேன். பாவம், அவர் முகம் போன போக்கை நான் எங்கோ பார்த்திருக்கிறேன்.

கிளட்ச் இல்லாத காருக்கே சொல்லிவிட்டு வெளியே வந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "அண்ணே, இடது கால மடக்கி உள்ள வச்சுக்கங்க."